நட்டஈடு யாரைச் சென்றடைகிறது? ஏகபோக விலையும் நுகர்வோர் கூட்டு வழக்குகளின் இணக்கத் தீர்வுகளும்

ஒரு பொருளுக்கு நியாயமான விலையை விடச் சிறு தொகை கூடுதலாகச் செலுத்திவிட்டோம் என்பது தெரியவந்தாலும், அதற்காகச் சட்டத்தரணி ஒருவரை அமர்த்தி நீதிமன்றப் படியேறுபவர் எவருமிலர். வழக்குச் செலவு இழந்த தொகையைப் போன்று பல நூறு மடங்காகிவிடும். சந்தையைத் தனது பிடிக்குள் வைத்திருக்கும் நிறுவனமொன்றின் பெரும் பலம் இதுவே. பத்து மில்லியன் பேரிடமிருந்து தலைக்கு இருபது டொலர் வீதம் கூடுதலாக அறவிட்டால் அந்நிறுவனத்திற்குக் கிடைப்பது 200 மில்லியன் டொலர். ஆனால், அதனைத் தட்டிக் கேட்பதற்கு இருபது டொலருக்கு மேற்பட்ட காரணம் உடையவர் ஒருவர் கூட இருக்கமாட்டார்.

இந்த ஏற்றத்தாழ்வுக்குப் பரிகாரமாகவே ஐக்கிய அமெரிக்காவில் கூட்டு வழக்கு முறைமை பெருவளர்ச்சி கண்டது. பாதிக்கப்பட்டோரில் ஒருவரோ சிலரோ தம்மைப் போன்ற அனைவரினதும் சார்பில் வழக்குத் தொடுப்பர். நீதிமன்றம் அதனைக் கூட்டு வழக்காக ஏற்றுக்கொண்டால், விலகிக்கொள்வதாக அறிவித்தவர் தவிர்ந்த ஏனைய அனைவரும் அதன் பங்காளராவர். சட்டத்தரணிகள் முற்பணம் எதுவும் பெறாது வழக்காடி, வென்றால் மாத்திரம் நீதிமன்றம் அங்கீகரிக்கும் கட்டணத்தைப் பெறுவர். இவ்வழக்குகளிற் பெரும்பாலானவை தீர்ப்பு வரை செல்வதில்லை. இடைநடுவில் இரு தரப்பும் இணக்கத் தீர்வொன்றுக்கு வந்துவிடுகின்றன. அவ்வேளைகளில் நூற்றுக்கணக்கான மில்லியன் டொலர்கள் நட்டஈடாக வழங்கப்படவுள்ளதாகப் பத்திரிகைகளின் முன்பக்கங்களிற் செய்தி வெளியாகும்.

அச்செய்தியிற் சொல்லப்படும் தொகைக்கும் நுகர்வோரின் கையை வந்தடையும் தொகைக்கும் இடையிலான தூரம் எவ்வளவு என்பதே இங்கு ஆராயப்படும் விடயமாகும். இதனை விளங்கிக்கொள்வதற்கு, மைக்ரோசொப்ட் கம்பனிக்கு எதிராகக் கலிபோர்னிய மாநில நுகர்வோர் தொடுத்த வழக்கை விடச் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது.

ஏகபோகமும் 89 டொலரும்

1998 மே மாதத்தில் அமெரிக்க நீதித் திணைக்களமும் பல மாநில அரசுகளும் மைக்ரோசொப்ட்டுக்கு எதிராக வழக்குத் தாக்கல் செய்தன. தனது விண்டோஸ் இயங்குதளத்தின் ஏகபோகத்தைப் பாதுகாத்துக்கொள்வதற்காகப் போட்டியாளர்களைச் சட்டவிரோதமான முறையில் அது நசுக்கியது என்பதே குற்றச்சாட்டாகும். நீதிபதி தோமஸ் பென்ஃபீல்ட் ஜக்சன் 1999 நவம்பர் 5ஆம் திகதி தமது நிகழ்வு முடிவுகளை வெளியிட்டார். இன்ரெல் வகைக் கணினிகளுக்கான இயங்குதளச் சந்தையில் மைக்ரோசொப்ட்டின் பங்கு ஒரு தசாப்த காலமாக 90 வீதத்துக்கு மேற்பட்டிருந்தது என்றும், இறுதி ஓரிரு ஆண்டுகளில் அது குறைந்தது 95 வீதத்தை எட்டியிருந்தது என்றும் அவர் குறிப்பிட்டார்.

அந்த ஆவணத்தின் ஒரு பந்தி நுகர்வோரின் சட்டத்தரணிகளது கவனத்தை ஈர்க்கக்கூடியதாக இருந்தது. விண்டோஸ் 98 மேம்பாட்டுப் பதிப்புக்கு எவ்விலையை நிர்ணயிக்கலாம் என 1997 நவம்பரில் மைக்ரோசொப்ட் ஓர் உள்ளக ஆய்வை மேற்கொண்டிருந்தது. 49 டொலருக்கு அதனை விற்றிருக்க முடியும் என்பது அவ்வாய்விற் புலனாகியது. அவ்விலை இலாபமற்றதாக இருந்திருக்கும் எனக் கருதுவதற்கு எவ்வித ஆதாரமும் இல்லை என்றார் நீதிபதி. ஆயினும் வருமானத்தை உச்சப்படுத்தும் விலை 89 டொலர் என ஆய்வு கூறியது. கம்பனி அந்த உயர்ந்த விலையையே தெரிவு செய்தது. போட்டி நிலவும் சந்தையில் விற்பனையாளர் ஒருவரால் இவ்வாறு சாவகாசமாக விலையைத் தெரிவு செய்ய முடியாது. அயற்கடைக்காரர் என்ன விலைக்கு விற்கிறார் என்பதை அவர் பார்த்தாக வேண்டும்.

கம்பனியின் தரப்பிலும் நியாயம் சொல்லப்படாமலில்லை. அதன் சார்பிற் சாட்சியமளித்த பொருளியலாளர் றிச்சர்ட் ஷ்மலென்சி, உண்மையான ஏகபோக நிறுவனமாக இருந்திருப்பின் மைக்ரோசொப்ட் இதனை விடப் பன்மடங்கு விலையை அறவிட்டிருக்கும் என வாதிட்டார். கணினியொன்றின் முழு விலையில் விண்டோஸின் விலை சிறு பகுதியே என்பதும் உண்மை.

கம்பனியை இரண்டாகப் பிரிக்குமாறு 2000 ஜூனில் நீதிபதி ஜக்சன் பிறப்பித்த கட்டளையை 2001 ஜூனில் மேன்முறையீட்டு நீதிமன்றம் இரத்துச் செய்தது. எனினும், மைக்ரோசொப்ட் தனது ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகப் பேணியது என்ற முடிவின் மையப் பகுதியை அது உறுதிப்படுத்தியது. இங்கு ஒரு வேறுபாட்டை மனங்கொள்ளல் அவசியம். அரச வழக்கில் நிரூபிக்கப்பட்டது கம்பனியின் நடத்தை மாத்திரமே. நுகர்வோர் ஒவ்வொருவரும் எத்தனை டொலரைக் கூடுதலாகச் செலுத்தினர் என்பதை அந்நீதிமன்றம் நிர்ணயிக்கவில்லை. அரசாங்கம் நட்டஈடு கேட்டு வழக்காடவுமில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பவே நாடெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட கூட்டு வழக்குகள் தாக்கலாகின.

நேரடியாக வாங்காதவரின் நிலை

இவ்வழக்குகளுக்கு முன்னால் ஒரு பெருந்தடை இருந்தது. சாதாரண நுகர்வோர் விண்டோஸை மைக்ரோசொப்ட்டிடமிருந்து நேரடியாக வாங்குவதில்லை. கணினி உற்பத்தியாளர் அதனை வாங்கித் தனது கணினியில் ஏற்றி விற்கிறார். அக்கணினியை ஒரு கடைக்காரர் வாங்கி நுகர்வோருக்கு விற்கிறார். கூடுதலாக அறவிடப்பட்ட விலையை முதலிற் செலுத்தியவர் கணினி உற்பத்தியாளரே. நுகர்வோர் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் நிற்பவர்.

இத்தகைய நிலையில் யார் வழக்குத் தொடரலாம் என்ற வினாவுக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம் 1977இல் விடையளித்திருந்தது. இலினொய் மாநிலத்திற் கொங்கிறீட் கல் உற்பத்தியாளர்கள் கூடிப் பேசி விலையை உயர்த்தினர் என்பது அவ்வழக்கு. கல்லை வாங்கியவர்கள் கட்டுமானத் துணை ஒப்பந்தகாரர்கள். அவர்களிடமிருந்து பிரதான ஒப்பந்தகாரர்கள். இறுதியிற் கட்டடத்தைப் பெற்று முழு விலையையும் செலுத்தியது மாநில அரசும் உள்ளூராட்சி மன்றங்களும். ஆயினும் சமஷ்டிச் சட்டத்தின் கீழ் நேரடியாக வாங்கியவரே நட்டஈடு கோரலாம் என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூடுதல் விலையில் எவ்வளவு பகுதி ஒவ்வொரு படியிலும் கீழே கடத்தப்பட்டது எனக் கணக்கிடுவது நீதிமன்றங்களைத் திணறச் செய்யும் என்பதும், ஒரே இழப்புக்கு இரு தடவை நட்டஈடு செலுத்த நேரிடலாம் என்பதும் அதற்குக் கூறப்பட்ட காரணங்களாகும்.

நடைமுறையில் இதன் விளைவு விசித்திரமானது. நேரடியாக வாங்கும் கணினி உற்பத்தியாளர் தனது தொழிலுக்கு இன்றியமையாத மென்பொருளை வழங்கும் கம்பனியைப் பகைத்துக்கொண்டு வழக்குத் தொடரத் தயங்குவார். அவர் கூடுதற் செலவைத் தமது வாடிக்கையாளரின் தலையிற் சுமத்திவிடவும் முடியும். சுமையை உண்மையில் தாங்கிய நுகர்வோருக்கோ வழக்குத் தொடரும் உரித்து இல்லை.

இத்தீர்ப்பின் பின்னர் பல மாநிலங்கள் தமது சொந்தச் சட்டங்களின் மூலம் மறைமுகமாக வாங்கியோருக்கும் அவ்வுரித்தை வழங்கின. கலிபோர்னியா 1978இலேயே தனது சட்டத்தைத் திருத்திக்கொண்டது. அவ்வாறு செய்ய மாநிலங்களுக்கு அதிகாரமுண்டு என உயர் நீதிமன்றம் 1989இல் உறுதிப்படுத்தியது. ஆகவே, ஒரே மென்பொருளை ஒரே விலைக்கு வாங்கிய இரு அமெரிக்கர்களில் ஒருவர் நட்டஈடு பெறவும் மற்றவர் எதுவுமின்றி இருக்கவும் நேர்ந்தது. அவர்கள் வசிக்கும் மாநிலம் எது என்பதே வேறுபாடு. பல்டிமோரில் ஒன்றுசேர்க்கப்பட்ட சமஷ்டி வழக்குகளை விசாரித்த நீதிபதி பிரெடெரிக் மொட்ஸ், மறைமுகமாக வாங்கியோரின் சமஷ்டிச் சட்டக் கோரிக்கைகளை 2001 ஜனவரியில் நிராகரித்தார். கலிபோர்னிய வழக்கு மாநில நீதிமன்றத்தில் உயிருடன் நீடித்தது.

ஏழைப் பாடசாலைகளுக்கு ஓர் அன்பளிப்பு

2001 நவம்பரில் மைக்ரோசொப்ட்டும் சமஷ்டி வழக்குகளின் சட்டத்தரணிகளிற் பலரும் ஒரு திட்டத்தை முன்வைத்தனர். தனித்தனி நுகர்வோருக்குச் சில டொலர்களை அனுப்புவதற்கே பெருஞ் செலவாகும் என்பதால், அதற்குப் பதிலாக நாட்டின் மிக வறிய பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பாடசாலைகளுக்கு ஐந்து ஆண்டுகளில் மென்பொருள், புதுப்பிக்கப்பட்ட கணினிகள், பயிற்சி ஆகியவற்றைக் கம்பனி வழங்கும் என்பதே அது. மொத்தப் பெறுமதி ஒரு பில்லியன் டொலருக்கு மேல் எனச் சொல்லப்பட்டது.

ஏழைப் பிள்ளைகளின் கல்விக்குச் செல்லும் உதவியை எவர்தான் மறுப்பர்? எனினும் கூர்ந்து நோக்கியபோது இரு குறைகள் தெரிந்தன. முதலாவது, அப்பெறுமதியின் பெரும் பகுதி மென்பொருளாகவே இருந்தது. ஒரு மென்பொருளை எழுதி முடித்த பின்னர் அதன் இன்னொரு பிரதியை வழங்குவதற்குக் கம்பனிக்கு ஏற்படும் செலவு மிகச் சொற்பம். கடை விலையில் நூறு டொலர் எனக் கணக்கெழுதப்படும் அன்பளிப்பு கம்பனியின் பையிலிருந்து நூறு டொலரை எடுப்பதில்லை. இரண்டாவது, பாடசாலைகள் அப்பிள் கம்பனி இன்னமும் வலுவாக இருந்த ஒரு சந்தையாகும். ஏகபோகத்திற்காகக் குற்றஞ் சாட்டப்பட்ட நிறுவனம் தண்டனை என்ற பெயரில் தனது பொருளை எஞ்சியிருந்த அச்சந்தைக்குள்ளும் இலவசமாக நிரப்புவதற்கு அது வழிவகுக்கும். அப்பிளின் தலைவர் ஸ்டீவ் ஜொப்ஸ், அத்தொகையைச் சுயாதீனமான நிதியமொன்றுக்குப் பணமாகவே வழங்க வேண்டும் எனக் கோரினார். கலிபோர்னிய வழக்கின் சட்டத்தரணிகளும் திட்டத்தை எதிர்த்தனர்.

2002 ஜனவரி 11ஆம் திகதி நீதிபதி மொட்ஸ் அத்திட்டத்தை நிராகரித்தார். இணக்கத் தீர்வுகளை நீதிமன்றம் பரிசீலித்த பின்னரே அங்கீகரிக்க வேண்டும் என்ற விதியின் பயன் இங்குதான் தெரிகிறது. வழக்காளியின் சட்டத்தரணியும் எதிராளியும் கைகுலுக்கிக்கொண்டார்கள் என்பதற்காக, அவ்விடத்தில் இல்லாத கோடிக்கணக்கான மக்களின் உரித்தை விட்டுக்கொடுத்துவிட முடியாது. அவர்களுக்காக வினா எழுப்பும் கடமை நீதிபதியைச் சார்ந்தது.

கலிபோர்னியாவின் ஏற்பாடு

விசாரணை ஆரம்பமாவதற்கு முன்னர், 2003 ஜனவரியில், கலிபோர்னிய வழக்கில் இணக்கம் காணப்பட்டது. உச்சத் தொகை 1.1 பில்லியன் டொலர். மைக்ரோசொப்ட் தவறிழைத்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. இத்தகைய தீர்வுகள் அனைத்திலும் இந்த வாசகம் இடம்பெறுவது வழக்கம். இரு தரப்பும் இணங்கியதற்குக் காரணங்கள் வெளிப்படையானவை. தோற்றால் நட்டஈடு மும்மடங்காகும் என்பது கம்பனியின் அச்சம். கூடுதல் விலை கீழே கடத்தப்பட்டதை நிரூபிக்க முடியாமற் போகலாம் என்பது வழக்காளிகளின் அச்சம்.

1995 பெப்ரவரி 18 முதல் 2001 டிசம்பர் 15 வரையான காலத்தில் கலிபோர்னியாவில் மைக்ரோசொப்ட் பொருட்களை வாங்கியோர் வவுச்சர்களுக்கு உரித்துடையோராயினர். விண்டோஸ் அல்லது எம்.எஸ். டொஸ் ஒன்றுக்கு 16 டொலர், ஒபிஸ் தொகுதிக்கு 29 டொலர், எக்செலுக்கு 26 டொலர், வேர்ட் போன்றவற்றுக்கு 5 டொலர் எனப் பெறுமதி நிர்ணயிக்கப்பட்டது.

வவுச்சர் என்றதும், அதே கம்பனியின் பொருளை மீண்டும் வாங்கச் செய்யும் கழிவுச் சீட்டு என எண்ணத் தோன்றும். பல கூட்டு வழக்குகளில் அவ்வாறே நடந்துமுள்ளது. குற்றஞ் சாட்டப்பட்டவரின் கடைக்கே வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பும் அத்தகைய சீட்டு நட்டஈடு என்பதை விட விளம்பரம் என்றே கூறத்தகும். கலிபோர்னிய ஏற்பாடு அவ்வாறானதல்ல. எந்த உற்பத்தியாளரின் கணினியையோ மென்பொருளையோ வாங்கிவிட்டு, அதற்கான பற்றுச்சீட்டுடன் வவுச்சரை அனுப்பினால் அப்பெறுமதி பணமாகத் திருப்பித் தரப்படும். அப்பிள் கணினி வாங்கியவரும் அதனைப் பயன்படுத்தலாம். ஒரு வருடத்துக்கு முன்னர் பல்டிமோரில் நிராகரிக்கப்பட்ட திட்டத்தின் முக்கிய குறை இவ்வாறு தவிர்க்கப்பட்டது.

இருந்தபோதிலும் பணமாக அன்றி வவுச்சராக ஏன் கொடுக்க வேண்டும் என்ற வினா எஞ்சியே நிற்கிறது. முதலிற் கோரிக்கைப் படிவத்தை நிரப்ப வேண்டும். பின்னர் வவுச்சருக்காகக் காத்திருக்க வேண்டும். அதன் பின்னர் ஒரு பொருளை வாங்க வேண்டும். மீண்டும் பற்றுச்சீட்டை அனுப்ப வேண்டும். 16 டொலருக்காக இத்தனை படிகளைத் தாண்டுவோர் எத்தனை பேர்? ஒவ்வொரு படியிலும் ஒரு கூட்டம் கழன்றுவிடும் என்பதைத் தீர்வை வரைந்தவர்கள் அறியாதிருக்க முடியாது. அயோவா மாநில வழக்கில் 2007இல் எட்டப்பட்ட தீர்வின்படி தனிநபர் நுகர்வோருக்குப் பணமாகவே வழங்க ஏற்பாடாகியமை இங்கு குறிப்பிடத்தக்கது.

கோரப்படாத பணம்

அமெரிக்க சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு 2019இல் வெளியிட்ட ஆய்வொன்று இவ்விடயத்தில் முக்கியமானது. நுகர்வோர் கூட்டு வழக்குகளின் தீர்வுகளைப் பரிசீலித்த அவ்வாய்வின்படி, கோரிக்கைப் படிவம் நிரப்ப வேண்டிய தீர்வுகளில் உரியவர்களுள் கோரிக்கை விடுத்தோரின் இடைநிலை விகிதம் 9 வீதமாகும். வழக்குகளின் பருமனைக் கருத்திற்கொண்டு சராசரி கணித்தால் அது 4 வீதமாகக் குறைகிறது. அதாவது, நூறு பேருக்கு உரித்தான பணத்தை நான்கு பேர் கேட்கின்றனர். தொண்ணூற்றாறு பேர் கேட்பதில்லை.

ஆகவே ஒரு தீர்வின் உண்மையான உள்ளடக்கம், கோரியவர்களுக்கு எவ்வளவு என்பதில் அல்ல, கோராதவர்களின் பங்குக்கு என்ன நேர்கிறது என்பதிலேயே தங்கியுள்ளது. அது கம்பனிக்கே திரும்பிச் செல்லுமாயின், அறிவிக்கப்பட்ட பெருந்தொகை வெறும் உச்ச வரம்பு மாத்திரமே. அதுமட்டுமன்று, படிவத்தைச் சிக்கலாக்குவதும் அறிவித்தலை எவரும் காணாத மூலையிற் பிரசுரிப்பதும் கம்பனிக்கு இலாபமாகிவிடும்.

கலிபோர்னியத் தீர்வு இதற்கு ஒரு நடுவழியைக் கையாண்டது. கோரப்படாத தொகையின் மூன்றில் இரண்டு பங்கு மாநிலத்தின் வறிய பொதுப் பாடசாலைகளுக்குரியது. குறைந்தது 40 வீதமான மாணவர் இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதியுள்ள பாடசாலைகளே அதற்குத் தெரிவாகின. மூன்றில் ஒரு பங்கு மைக்ரோசொப்ட்டிடமே எஞ்சும். விளக்கத்திற்காக ஓர் எண்ணை எடுத்துக்கொள்வோம். 1,100 மில்லியனில் 200 மில்லியன் மாத்திரமே கோரப்பட்டதெனின், மீதி 900 மில்லியனில் 600 மில்லியன் பாடசாலைகளுக்குச் செல்லும். 300 மில்லியன் கம்பனியை விட்டு வெளியேறாது. பாடசாலைகளுக்கான வவுச்சர்களில் ஒரு பாதி வன்பொருள், மென்பொருள், பயிற்சி முதலான பொதுத் தேவைகளுக்கும் மறுபாதி குறித்த சில வகை மென்பொருட்களுக்கும் என ஒதுக்கப்பட்டது. 2006இல் கலிபோர்னிய மேன்முறையீட்டு நீதிமன்றமும் இவ்வேற்பாட்டை அங்கீகரித்தது.

உரியவரிடம் சேர்க்க முடியாத பணத்தை அதற்கு மிக நெருங்கிய நோக்கமொன்றுக்குச் செலவிடும் இக்கோட்பாடு எமது வாசகர்களுக்குப் புதியதன்று. தர்மசாதனம் எழுதி வைத்த ஒருவரின் நோக்கம் நிறைவேற்ற இயலாததாகிவிட்டால், அச்சொத்தை அதனையொத்த வேறொரு தர்மத்திற்குப் பயன்படுத்துவது அறக்கட்டளைச் சட்டத்தின் பழைய விதியாகும். வக்பு செய்யப்பட்ட சொத்தின் பயன் நின்றுபோகும்போதும் அதற்கு நெருங்கிய பயனை நாடுவதே இஸ்லாமியச் சட்ட அறிஞர் பலரதும் நிலைப்பாடு. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தர்மம் செய்தவர் தம் பணத்தை மனமுவந்து கொடுத்தவர். நுகர்வோரோ தம்மிடமிருந்து தவறாக அறவிடப்பட்டதாகச் சொல்லப்படும் பணத்தையே இழந்தவர்கள். அவர்களின் பெயரால் நடக்கும் தர்மம், அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் முயற்சிக்குப் பதிலீடாகிவிடக் கூடாது.

சட்டத்தரணிகளின் பங்கு

கூட்டு வழக்குகள் மீதான மிகக் கடுமையான விமர்சனம், நுகர்வோருக்கு வவுச்சரும் சட்டத்தரணிகளுக்குப் பணமும் கிடைக்கின்றன என்பதேயாகும். கலிபோர்னிய வழக்கின் சட்டத்தரணிகள் சுமார் 258 மில்லியன் டொலரைக் கட்டணமாகக் கோரினர். நுகர்வோர் நிதியத்திலிருந்து அன்றி மைக்ரோசொப்ட் தனியாகச் செலுத்த வேண்டிய தொகை அது. கம்பனி அதனை வன்மையாக எதிர்த்தது. இத்தகைய பாரிய கட்டணங்கள் இறுதியில் நுகர்வோர் மீதே சுமத்தப்படும் என்றார் அதன் சட்டத்தரணி. கூடுதற் செலவு நுகர்வோருக்குக் கடத்தப்படுகிறதா என்பதே வழக்கின் மையப் பிரச்சினையாக இருந்ததை நோக்கும்போது, இக்கூற்றில் ஒரு முரண்நகை இருப்பதை மறுக்க முடியாது. ஈற்றில் நீதிமன்றம் கோரப்பட்ட தொகையின் பாதிக்கும் குறைவாக, ஏறத்தாழ 112 மில்லியன் டொலரையே அனுமதித்தது.

அதுவும் சிறிய தொகையன்று. ஆயினும், பல ஆண்டுகள் ஊதியமின்றி, தோற்றால் எதுவுமில்லை என்ற நிலையில், உலகின் மிகப் பெரிய கம்பனிகளுள் ஒன்றை எதிர்த்து வழக்காட எவரேனும் முன்வர வேண்டுமாயின் அதற்கொரு வெகுமதி இருந்தே ஆகவேண்டும். பிரச்சினை கட்டணம் இருப்பதில் அல்ல, அது எதனை அளவுகோலாகக் கொள்கிறது என்பதில் உள்ளது. அறிவிக்கப்பட்ட உச்சத் தொகையை அடிப்படையாகக் கொண்டு கட்டணம் கணிக்கப்படுமாயின், வவுச்சர்கள் பயன்படுத்தப்பட்டாலும் படாவிட்டாலும் சட்டத்தரணிக்குக் கவலையில்லை. அமெரிக்கக் காங்கிரஸ் 2005இல் நிறைவேற்றிய கூட்டு வழக்கு நியாயச் சட்டம் இக்குறையைக் களைய முயன்றது. கழிவுச் சீட்டு வழங்கும் தீர்வுகளில், உண்மையிற் பயன்படுத்தப்பட்ட சீட்டுகளின் பெறுமதியைக் கொண்டே சட்டத்தரணியின் விகிதாசாரக் கட்டணம் கணிக்கப்பட வேண்டும் என அது விதித்தது.

பிற்காலத்துப் படிப்பினைகள்

நுகர்வோரைத் தேடிச் சென்று கொடுக்க முடியும் என்பதை மின்னூல் வழக்கு காட்டியது. இது ஏகபோகமன்றி விலைக் கூட்டுச் சதி தொடர்பானது. அப்பிள் கம்பனியும் ஐந்து பெரும் பதிப்பகங்களும் சேர்ந்து மின்னூல் விலையை உயர்த்தியதாக 2013இல் சமஷ்டி நீதிபதி டெனிஸ் கோட் தீர்ப்பளித்தார். மேன்முறையீடுகள் முடிவுற்றதும், இணக்கத்தின்படி அப்பிள் 400 மில்லியன் டொலரை நுகர்வோருக்குச் செலுத்த நேர்ந்தது. 2016 ஜூனில், அதிக விற்பனைப் பட்டியலில் இடம்பெற்ற நூல் ஒன்றுக்கு 6.93 டொலரும் ஏனைய நூல்களுக்கு 1.57 டொலரும் பெரும்பாலான வாசகர்களின் கணக்குகளில் தாமாகவே வரவு வைக்கப்பட்டன. யார் எதனை எப்போது வாங்கினார் என்ற பதிவு விற்பனையாளரிடம் இருந்தமையால் படிவம் எதுவும் தேவைப்படவில்லை. இன்று பெரும்பாலான கொள்வனவுகள் இலத்திரனியல் பதிவுடன் நிகழ்கின்றன. அவ்வாறிருக்க, நுகர்வோரே படிவம் நிரப்பிக் கேட்க வேண்டும் என வற்புறுத்தும் தீர்வு ஏன் அவ்வாறு வற்புறுத்துகிறது என்பதை நியாயப்படுத்த வேண்டிய பொறுப்பு அதனை வரைந்தவர்களைச் சார்ந்தது.

எமது உறவினர்கள் பலர் வாழும் கனடாவிலும் மைக்ரோசொப்ட்டுக்கு எதிரான வழக்கு நீண்ட காலம் நடந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2004இல் ஆரம்பமான அவ்வழக்கில், மறைமுகமாக வாங்கியோருக்கும் வழக்குத் தொடரும் உரித்துண்டு எனக் கனேடிய உயர் நீதிமன்றம் 2013 ஒக்டோபரில் தீர்ப்பளித்தது. அமெரிக்க உயர் நீதிமன்றம் 1977இற் சென்ற வழியை அது பின்பற்றவில்லை. 2018இல் ஏறத்தாழ 517 மில்லியன் கனேடிய டொலர் வரையான இணக்கத் தீர்வு அறிவிக்கப்பட்டது. 1998 டிசம்பர் 23 முதல் 2010 மார்ச் 11 வரை கனடாவில் விண்டோஸ், ஒபிஸ் முதலியவற்றை வாங்கியோர் அதற்கு உரித்துடையோராயிருந்தனர். அக்காலப் பகுதியில் ரொரன்ரோவிலும் மொன்றியலிலும் பிள்ளைகளின் படிப்புக்காகக் கணினி வாங்கிய தமிழ்க் குடும்பங்களும் அவர்களுள் அடங்கும். வழக்கு ஆரம்பித்த காலத்துக்கும் தீர்வுக்கும் இடையில் பதினான்கு ஆண்டுகள் கழிந்துவிட்டன.

பிரித்தானியாவில் 2015ஆம் ஆண்டுச் சட்டமொன்று போட்டிச் சட்ட மீறல்களுக்கு இத்தகைய கூட்டு வழக்குகளை அனுமதித்தது. மாஸ்ரர்கார்ட் நிறுவனத்துக்கு எதிராக வோல்டர் மெறிக்ஸ் 2016இல் தொடுத்த வழக்கிற் கோரப்பட்ட தொகை 14 பில்லியன் பவுண். இறுதியில் இணங்கியது 200 மில்லியன் பவுணுக்கு. வழக்குக்குப் பணம் முதலிட்ட நிறுவனமே அத்தொகை போதாது என எதிர்த்தது. எனினும் 2025இற் போட்டி மேன்முறையீட்டு நியாயசபை அதனை அங்கீகரித்தது. அதிற் பாதி நுகர்வோருக்கென ஒதுக்கப்பட்டு, ஒருவருக்கான தொகை 70 பவுணுக்கு மேற்படாதவாறு வரையறுக்கப்பட்டது. நான்கு கோடிக்கு மேற்பட்டோரின் பெயரால் தொடுக்கப்பட்ட வழக்கில் நூறு மில்லியன் பவுணை அனைவருக்கும் சமமாகப் பகிர்ந்தால் ஆளுக்கு இரண்டரைப் பவுண் கூடத் தேறாது. பெரும்பாலானோர் கோரமாட்டார்கள் என்ற எதிர்பார்ப்பிலேயே அக்கணக்கு நிற்கிறது.

கேட்கப்பட வேண்டிய வினாக்கள்

இவற்றையெல்லாம் நோக்குமிடத்து, இத்தகைய தீர்வுகள் வெறும் கண்துடைப்பு எனத் தள்ளிவிடுவதும் நுகர்வோரின் மாபெரும் வெற்றி எனக் கொண்டாடுவதும் ஒருங்கே தவறாகும். கூட்டு வழக்கு இல்லாவிடில் கலிபோர்னிய நுகர்வோருக்கு அந்தப் பதினாறு டொலரும் இல்லை, வறிய பாடசாலைகளுக்குக் கணினியும் இல்லை. மிகச் சிறிய தொகைகளைப் பெருந்தொகையானோரிடமிருந்து எடுத்தால் எவரும் கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையை அது உடைக்கிறது. கோரப்படாத பணம் கம்பனிக்குத் திரும்பாதவரை, உரியவர் கைக்கு வராவிட்டாலும் தவறுக்கு விலை உண்டு என்ற எச்சரிக்கையாவது எஞ்சும்.

ஆனால் ஒரு தீர்வின் தரத்தை அதன் தலைப்புத் தொகையைக் கொண்டு அளவிட முடியாது. கடைசியாகப் பொருளை வாங்கியவருக்கு அதில் இடமுண்டா? கொடுக்கப்படுவது பணமா, சீட்டா? சீட்டாயின் யாருடைய கடையில் அது செல்லும்? கேட்காமலே கொடுக்கக்கூடியதைக் கேட்டுப் பெறுமாறு விதித்திருக்கிறார்களா? சட்டத்தரணியின் கட்டணம் வாக்களிக்கப்பட்டதை அளவுகோலாகக் கொண்டதா, வழங்கப்பட்டதையா? எல்லாவற்றுக்கும் மேலாக, எவரும் கோராத பணம் எங்கே போகிறது? பில்லியன் கணக்கில் நட்டஈடு என்ற செய்தியை அடுத்த தடவை வாசிக்கும்போது, அச்செய்தியின் முதல் வரியில் இவ்வினாக்களுக்கான விடை இருக்கப்போவதில்லை. தீர்வு ஆவணத்தின் பின்பக்கங்களிலேயே அது இருக்கும். நுகர்வோருக்கு நீதி கிடைத்ததா என்பதும் அங்கேயே எழுதப்பட்டிருக்கும்.